பிளாஸ்திரி அலர்ஜிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பிளாஸ்திரிக்காகத் தள்ளிப்போட வேண்டாம், அம்மா. முழங்காலில் ஒட்டியதைப் பிரித்த இடத்தில் உங்கள் ஆறு வயது மகனுக்குத் தோல் சிவந்து, இரண்டு நாள் கழித்து அரிப்போடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன என்கிறீர்கள். அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷனில் டேப் ஒட்டினால் உயிருக்கே ஆபத்தாகுமோ என்று பயப்படுகிறீர்கள். ஆகாது. பசையால் வருகிற தோல் ஒவ்வாமை மூச்சை அடைக்காது. இணையத்தில் இந்தத் தோல் ஒவ்வாமையையும் மூச்சை அடைக்கிற ஒவ்வாமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

ஒட்டிய இடம் மட்டும் சிவந்து ஓரிரு நாளில் மறைந்தால், பெரும்பாலும் அது அலர்ஜியே இல்லை. வெடுக்கென்று பிய்த்ததில் தோலின் மேலடுக்கும் கூடவே உரிந்திருக்கும். தாமதமாக அரிப்பும் கொப்புளமும் வந்தால், அதிலும் பிளாஸ்திரியின் விளிம்பைத் தாண்டிப் பரவினால், ஒவ்வாமை என்று சந்தேகிப்போம். அதுவும் தொல்லைதானே தவிர ஆபத்தில்லை. கொப்புளம் ஆறிக் கருத்த இடம் தழும்பாகுமோ என்ற கவலையும் வேண்டாம், சில மாதங்களில் தானாக மங்கிவிடும்.

என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. "பலூன் ஊதினால் உதடு லேசாக வீங்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பலூன் பெரும்பாலும் லேடெக்ஸ் என்கிற இயற்கை ரப்பரில் செய்வது. சில அறுவை சிகிச்சைக் கையுறைகளும் குழாய்களும் அதே ரப்பர்தான். லேடெக்ஸ் அலர்ஜி நாள் கணக்கில் காத்திருக்காது, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். உடம்புக்குள் கை வைக்கும்போது அந்த ரப்பர் பட்டால் ரத்த அழுத்தம் சரியும் அளவுக்குக்கூடப் போகலாம்.

ஆகவே ஆபரேஷன் அன்று காலைவரை காத்திருக்காமல், இந்த வாரமே அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் பலூன் விஷயத்தைச் சொல்லுங்கள். வாழைப்பழமோ கிவியோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அப்படி நேரும். ரத்தப் பரிசோதனையோ தோலில் ஊசிமுனைப் பரிசோதனையோ செய்வார்கள். உறுதியானால் லேடெக்ஸ் இல்லாத பொருட்களை வைத்தே ஆபரேஷனை முடிக்கலாம். முடிவு வரும்வரை வீட்டில் பலூன் வேண்டாம், பல் மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டதும் உடம்பெங்கும் தடிப்பு, இருமல், மூச்சு இழுப்பு, சோர்ந்து விழுதல் என்று எது வந்தாலும் வீட்டில் அலர்ஜி சிரப் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் அந்த ஆயின்ட்மென்ட். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பிளாஸ்திரிக்கு அடியில் தினமும் தடவினேன் என்கிறீர்கள். அதில் ஸ்டீராய்டோடு நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் இருக்கிறது. தோல் ஒவ்வாமையைக் கிளப்புவதில் நியோமைசின் பேர்போனது. இப்போது குற்றவாளி பசையா, மருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது! தயவுசெய்து நிறுத்துங்கள். சின்னச் சிராய்ப்புக்குத் தண்ணீரில் கழுவி வெறும் வாசலின் தடவினாலே போதும். அந்த ட்யூபைத் தூக்கிப் போடாமல் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து, 48 மணி நேரம் கழித்து எடுத்து, இன்னும் இரண்டு நாள் பொறுத்து மறுபடி பார்ப்பார்.

இனி காயம் பட்டால் காஸ் துணி வைத்து ரோலர் பேண்டேஜ் சுற்றுங்கள், பசையே வேண்டாம். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிக்கோன் டேப் கேளுங்கள். பிரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காதீர்கள்: ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக மடித்து, மெதுவாக உருட்டி எடுங்கள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கும் நர்சிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.