இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு முதல் அடி

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் இரண்டாம் நிலைக் காவலராக விரும்புகிறான். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இத்தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள். பொது, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் பிரிவினருக்கு 167 செ.மீ. தேவை. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு பெறாதவரின் முதன்மைத் தாள் மதிப்பிடப்படுவதில்லை என்றிருக்க, தாய்மொழிதானே என்று பிள்ளைகள் அதை அலட்சியப்படுத்துவது மிகவும் வருத்தமளிக்கிறது. அடுத்தது, 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடுவது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓடினால் கால்கள் வலுப்பெறும் என்றாலும், 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றையும் 1 நிமிடம் 50 விநாடிக்குள் முடிக்கும் நிதானம், அளந்த ஓடுதளத்தில் கடிகாரம் பார்த்துப் பழகினால்தான் கைவரும்.