இளைஞர்கள் மொபைல் வாலட்டுக்கு மாறுவதற்கு எவை காரணம்?

கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பதால், இந்தக் கேள்வியை ஏறத்தாழ ஆண்டுதோறும் மாணவர்களின் புராஜெக்ட் தலைப்பாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலானோர் புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் முன்வைத்த மாதிரியின்படி, பயனுள்ளதா, கையாள எளிதா என்ற இரண்டையும் கேட்டு, கூடவே கேஷ்பேக்கையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அது தவறல்ல. ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களைப் பொறுத்தவரை, நண்பர்களும் கடைக்காரரும் எந்த வழியில் பணம் வாங்குகிறார்கள் என்பதே முதல் காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் இதைத் தினமும் காணலாம். ஐந்து பேர் வந்தால் ஒருவர் மொத்தத் தொகைக்கும் ஸ்கேன் செய்துவிடுகிறார். மற்ற நால்வரும் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தத்தம் பங்கை அவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால், "சில்லறை இல்லடா, ஜிபே பண்ணிடு" என்பதுதான் பதில். அந்த வட்டத்தில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் மற்றவர்களுக்குச் சிரமம் தருபவராகிறார். எந்த விளம்பரத்தாலும் இந்த அளவுக்கு ஒருவரை அசைக்க முடியாது.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது பலர் வாலட்டுகளுக்கு வந்தது உண்மைதான். எனினும் வாலட்டில் முன்கூட்டியே பணம் ஏற்ற வேண்டியிருந்தது; ஒரு நிறுவனத்தின் வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பவும் முடியவில்லை; 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகளை இறுக்கியதும் பலர் அவற்றைக் கைவிட்டார்கள். அதே 2016-இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தொடங்கிய யுபிஐ, எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் நேரடியாகப் பணம் செல்ல வழி செய்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியே பணம் பெறும் வணிகரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றானபின், மூன்று ரூபாய் ஜெராக்ஸுக்கும் க்யூஆர் அட்டையை முன்வைக்கக் கடைக்காரருக்குத் தயக்கம் இல்லாமல் போயிற்று. இளைஞர்கள் இன்று வாலட் என்று சொல்வது பெரும்பாலும் யுபிஐ செயலியைத்தான்.

கேஷ்பேக்கின் பங்கை நாம் மிகைப்படுத்துகிறோம் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. இங்குள்ள 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டத்தின் காரணமாக, கூகுள் பே செயலியின் ஸ்கிராட்ச் கார்டு போன்ற குலுக்கல் வகைப் பரிசுகள் பல இம்மாநிலத்தவருக்குப் பொருந்தாது என்று நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் இங்குள்ள இளைஞர்கள் பின்தங்கிவிடவில்லை.

கணக்கில் பணம் இருப்பதும் முக்கியம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கென வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. முன்பெல்லாம் வீட்டில் கையில் கொடுத்த பணத்தைக் கையிலேயே செலவழித்தவர்களுக்கு, இப்போது ஏடிஎம் தேடிப் போவதைவிடக் கைபேசியில் செலுத்துவதே இயல்பாகிவிட்டது.

தடைகளில் பெரிதாகப் பேசப்படுவது மோசடி குறித்த அச்சம். அது நியாயமான அச்சமே. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை (PIN) இடத் தேவையில்லை என்ற ஒரு விஷயத்தையாவது முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்துகிறேன். ஆனால் எங்கள் மாணவியரிடம் நான் கண்ட பெரிய தடை வேறு. கணக்கு மாணவியின் பெயரில் இருக்கும். அதனுடன் இணைக்கப்பட்ட எண்ணோ அப்பாவுடையதாக இருக்கும். வங்கியில் பதிவான எண்ணின் சிம் அந்தக் கைபேசியிலேயே இருந்து குறுஞ்செய்தி போனால்தான் யுபிஐ பதிவாகும் என்பதால், விருப்பமும் திறமையும் இருந்தும் அவரால் தொடங்க முடிவதில்லை. எண்ணை மாற்றப் பெரும்பாலும் வங்கிக் கிளைக்குப் போக வேண்டும்; மாற்றினால் செலவு விவரம் அப்பாவுக்கு வராமல் போகும் என்பதால், அதற்கு முன் வீட்டில் ஒப்புதலும் பெற வேண்டும்.

நீங்கள் இதை ஆய்வாகச் செய்வதானால், மனப்பான்மை பற்றிய வினாக்களுக்கு முன்பாக, கணக்குடன் இணைந்திருப்பது யாருடைய எண், முதன்முதலில் யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்ற இரண்டையும் வினாப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.