எஸ் மோடுல போட்டா பவர் கூடுமா?

கேள்வி: அண்ணா, சிவிடிங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வச்ச பெட்ரோல் கார் ஒண்ணு டெஸ்ட் டிரைவ் பண்ணேன். டி-ல, அதாவது சாதாரண டிரைவ் மோடுல மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி கொஞ்சம் யோசிச்சுதான் நகருது. ஷோரூம் பையன் எஸ்-ல, அதாவது ஸ்போர்ட் மோடுல போடுங்க சார், பவர் கூடும்னான். போட்டா நிஜமாவே சுறுசுறுப்பா இருந்துச்சு. ஃப்ரெண்டு என்னடான்னா அது வெறும் சத்தம்தான்ங்கறான். ஈக்கோ பட்டன் வேற இருக்கு. ஏற்காட்டுக்கு அடிக்கடி போவோம், வாங்கலாமா?
- சேலம் வாசகர்

பதில்: தம்பி, பையன் சொன்னது தப்பு, ஃப்ரெண்டு சொன்னதும் முழுசா சரியில்ல. எந்த மோடுல போட்டாலும் இன்ஜினோட பவர் ஒரு துளி கூட ஏறாது. சிவிடில படிப்படியா மாறற கியர் கிடையாது, ரெண்டு புல்லி, நடுவுல ஸ்டீல் பெல்ட், புல்லி விரிஞ்சு சுருங்கி ரேஷியோவ, அதாவது இன்ஜின் எத்தனை சுத்து சுத்தினா சக்கரம் எத்தனை சுத்தும்ங்கற கணக்க, மாத்திக்கிட்டே இருக்கும். ஸ்கூட்டர்லயும் இதே கதைதான், அங்க ரப்பர் பெல்ட்.

ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோலையே எடுத்துக்க, அதோட 121 பிஎஸ் பவர் முழுசா வர்றது 6600 ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து), 145 என்எம் டார்க், அதாவது முறுக்கு விசை, 4300-ல. டி-ல நிதானமா போறப்போ மைலேஜுக்காக இன்ஜின 2000-க்கு கீழயே தூங்க வச்சிருக்கும், திடீர்னு லாரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா முதல்ல ஆர்பிஎம் மேல ஏறணும், அப்புறம்தான் வண்டி இழுக்கும், நீ சொல்ற அந்த யோசனை இதுதான். எஸ்-ல ஆர்பிஎம்ம முன்கூட்டியே மேல பிடிச்சு வச்சிருக்கும், அதனால கால் வச்ச உடனே பாயும். பெட்ரோலும் அதுக்கு ஏத்த மாதிரி குடிக்கும், ஹைவேல முழுக்க எஸ்-லயே போனேன்னா பங்க்ல தெரியும்.

ஆனா பெடல தரையோட அழுத்திட்டேன்னா டி-யும் ஏறக்குறைய எஸ் மாதிரியே ஆயிடும், நின்ன இடத்துல இருந்து 100 தொட ஆகற நேரத்துல பெரிய வித்தியாசம் இருக்காது. ஈக்கோ எஸ்-க்கு நேர் எதிர், பாதி மிதிச்சா கால்வாசி மிதிச்ச மாதிரி எடுத்துக்கும். சிட்டி டிராஃபிக்குக்கு ஓகே, மலைக்கு வேண்டாம்.

ஏற்காட்டுல 20 ஹேர்பின் இருக்கு, ஏறறத விட இறங்கறதுதான் முக்கியம். எல் (லோ) மோடோ, ஸ்டீயரிங் பின்னாடி கியர் மாத்தற பேடிலோ இருக்கான்னு பாரு, இல்லன்னா எஸ்-லயாவது இறங்கு, இன்ஜினே வண்டிய இழுத்துப் பிடிக்கற இன்ஜின் பிரேக்கிங் கிடைக்கும், டி-லயே விட்டா பிரேக்க மிதிச்சு மிதிச்சு சூடாக்கிடுவ.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ டெஸ்ட் டிரைவ் கேளு, ஏசிய போட்டு வீட்டு ஆளுங்க நாலு பேர ஏத்திக்க, ஏதாவது ஃப்ளைஓவர் ஏத்தத்துல 40-ல இருந்து பாதி பெடல் மட்டும் மிதிச்சுப் பாரு, முதல்ல டி, அப்புறம் எஸ். அந்த டி உனக்குப் பொறுமைய சோதிக்கலன்னா தாராளமா வாங்கலாம்.