ஹார்ட் டிஸ்க் இரண்டு, லைப்ரரி ஒன்று: டிஜே கேள்வி பதில்

கல்யாண ரிசப்ஷன், கிளப் என்று பல வருடமாக டிஜே வேலை பார்க்கிறேன். பாட்டு லைப்ரரி, டிரைவ், சிங்க் (இரண்டு இடத்தில் உள்ள ஃபைல்களை ஒன்றுபோல வைப்பது) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த கன்ட்ரோலர் (பாட்டைக் கலக்கும் கருவி) வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மதுரை: அண்ணே, ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள், விண்டோஸ் லேப்டாப். பாட்டெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில். நேற்று செருகியதும் எல்லாப் பாட்டிலும் ஆச்சரியக்குறி. டிஸ்கைத் திறந்து கிளிக் செய்தால் பாட்டு ஓடுகிறது!

பாட்டு எங்கும் போகவில்லை, விலாசம்தான் மாறிவிட்டது. போன வாரம் அந்த டிஸ்குக்கு விண்டோஸ் கொடுத்த ஆங்கில எழுத்து ஈ (E). நேற்று வேறு ஏதாவது பென்டிரைவ் முதலில் செருகியிருப்பீர்கள், அது ஈ-யைப் பிடித்துக்கொண்டது. உங்கள் டிஸ்க் எஃப் ஆகிவிட்டது. ரெகார்ட்பாக்ஸ் இன்னும் ஈ-யின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள், ஆச்சரியக்குறி போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எம், எஸ் மாதிரி தள்ளி இருக்கும் எழுத்தாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையே வராது. மேக்கில் எழுத்துக்குப் பதில் டிஸ்கின் பெயர். ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் செருகினால் அங்கேயும் இதே கதைதான்.

அவசரப்பட்டுப் பாட்டுகளை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துவிடாதீர்கள். ரெகார்ட்பாக்ஸில் க்யூ பாயின்ட் (பாட்டில் நாம் குறித்துவைக்கும் இடம்) எல்லாம் டேட்டாபேஸில், அதாவது மென்பொருளின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நீக்கினால் அதுவும் போகும்.

கோவை: செராட்டோ என்ற டிஜே மென்பொருள் வைத்திருக்கிறேன். பாட்டெல்லாம் இரண்டாவது டிஸ்கில் காப்பி செய்தேன். க்யூ பாயின்ட் வந்துவிட்டது, கிரேட் (பாட்டுகளைப் பிரித்து வைக்கும் பட்டியல்) ஒன்றும் வரவில்லை. ஏன் சார்?

க்யூவைச் செராட்டோ பாட்டு ஃபைலுக்குள்ளேயே டேகாக (ஃபைலோடு ஒட்டிய குறிப்பாக) எழுதிவிடும், அதனால் பாட்டோடு கூடவே வந்துவிட்டது. கிரேட் அப்படியல்ல. வெளி டிஸ்கின் முதல் மட்டத்தில் செராட்டோ என்ற பெயரில், இரண்டு பக்கமும் அடிக்கோடு போட்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த டிஸ்கில் உள்ள பாட்டுகளின் கணக்கும் கிரேட்டும் அதில்தான். அதையும் காப்பி செய்யுங்கள், பாட்டு ஃபோல்டர்களின் அமைப்பை மாற்றாதீர்கள். இரண்டு டிஸ்கையும் ஒன்றாகச் செருகினால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை தெரியும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. செராட்டோ டேகில் எழுதும்போது ஃபைலின் அளவு மாறாமலே போகலாம். அளவை மட்டும் ஒப்பிடும் சிங்க் நிரல் அதைக் கவனிக்காது. தேதியையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

டொராண்டோ: வீட்டில் ஒரு லேப்டாப், வேலைக்கு ஒன்று. இரண்டுக்கும் இரு பக்கமும் சிங்க் போட்டுவிடலாமா?

பாட்டு ஃபைலுக்கு எப்படியோ சமாளிக்கலாம். டேட்டாபேஸுக்கு வேண்டவே வேண்டாம். அது ஒரே ஃபைல். இங்கே பத்துப் பாட்டு, அங்கே பத்துப் பாட்டு சேர்த்தால் சிங்க் நிரல் இருபதாகக் கூட்டித் தராது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியும். எனக்கே நடந்தது. ஒரு வெள்ளி இரவு ரிசப்ஷன் முடித்து, மூன்று மணி வரை உட்கார்ந்து க்யூ போட்டேன். சனிக்கிழமை தூக்கக் கலக்கத்தில் திசை மாற்றி சிங்க் அழுத்தினேன். இரவு வேலை அத்தனையும் போச்சு. எது மூலம், எது நகல் என்று டிஸ்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரே திசையில் மட்டும் ஓடவிடுங்கள்.

திருச்சி: சிங்க் தினமும் ஓடுகிறதே, தனியாக பேக்கப் எதற்கு?

நீங்கள் தவறாக அழித்ததையும் சிங்க் அக்கறையாகப் போய் அங்கே அழிக்கும். அதற்குத்தான்.

ஈரோடு: ஆரம்பத்துக்கு எந்த கன்ட்ரோலர் நல்லது?

மேலே முதல் பத்தி.

பினாங்கு: மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட் (மேக், விண்டோஸ் இரண்டும் படிக்கும் வடிவம்) டிஸ்குக்கு மாற்றினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்று கூடவே இருக்கிறது. வைரஸா?

இல்லை. மேக் தன் குறிப்புகளை அப்படித் தனியாக எழுதி வைக்கும். அழிக்கலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சேலம்: அண்ணா, எல்லாப் பாட்டிலும் ஆச்சரியக்குறி...

மதுரைக்குச் சொன்னதுதான். டிரைவ் எழுத்து.

சென்னை: 'கோலாட்டம்' என்று ஒரு ஃபோல்டர். பழைய மேக்கில் இருந்து விண்டோஸுக்கு ஜிப் செய்து கொண்டுவந்தேன். இப்போது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறது. ஒன்றில் உள்ள பாட்டைத்தான் ரெகார்ட்பாக்ஸ் அடையாளம் காண்கிறது.

ஆகா, இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து எழுதுவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவ டிஸ்க் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். கொ, கோ, கௌ வரிசைகளில் எல்லாம் இது வரும், கா, கி-யில் வராது. பிரிந்த பெயரை விண்டோஸிலேயே புதிதாகத் தட்டச்சு செய்து சரிசெய்யுங்கள்.

கோலாலம்பூர்: இதற்குத்தான் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்பது. ஆங்கிலத்தில் வைத்தால் தீர்ந்தது.

தீராது. 'மழை'யை ஒருவர் எல் போட்டு எழுதுவார், இன்னொருவர் இசட் எச். தேடினால் பாதிதான் கிடைக்கும்.

யாழ்ப்பாணம்: அண்ணை சொல்வதுதான் சரி. என்னிடம் ஒரே பாட்டு நாலு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

கோலாலம்பூர்: கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு திறக்காமல் போனால் தெரியும் உங்கள் தமிழ்ப் பற்று.

சரி, சண்டை வேண்டாம். நான் செய்வது இது: ஃபைல் பெயர் வெறும் எண், பாட்டின் பெயர் டேகில் தமிழில். ஃபைலைத் திறக்க எண் போதும், தேட டேக் இருக்கிறது. உங்கள் பிளேயர் திரையில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று முன்னாலேயே ஒரு பாட்டை வைத்துப் பாருங்கள்.

தஞ்சாவூர்: இரு பக்கமும் சிங்க்...

கூடாது.

மதுரை: அண்ணே, எழுத்தை மாற்றினேன், எல்லாம் வந்துவிட்டது. 'கோயில் கொடை' ஃபோல்டரில் மட்டும் ஆச்சரியக்குறி போகவில்லை. அதை மட்டும் போன வாரம் அழித்துவிட்டு நண்பரின் பழைய மேக்கில் இருந்து எடுத்துப் போட்டேன்.

கோயிலில் ஒரு கோ, கொடையில் ஒரு கொ. கோலாலம்பூர்க்காரர் பார்ப்பதற்குள் பெயரை மாற்றிவிடுங்கள்.