கிறிஸ்துமஸ் பாடகர் குழுப் பாடலைக் கேட்டால் ஏன் கண் கலங்குகிறது?

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் டிசம்பர் 24 அன்று நடக்கும் ஆராதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாடலின் முதல் சரணத்தை ஒரே ஒரு சிறுவன், வாத்தியத் துணை எதுவும் இல்லாமல் பாடுகிறான். பாடப்போவது தான்தான் என்பது கடைசி நேரத்தில்தான் அவனுக்கே தெரியும். அந்த ஒற்றைக் குரல் உயர்ந்த கல் விதானத்தில் பட்டு, மெல்லத் தேய்ந்து அடங்கும். பிறகு குழு சேரும். அதன்பின் ஆர்கனோடு சபையே எழும். தனிமை கூட்டமாக மாறும் அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1918இல் இதை அங்கே தொடங்கிய எரிக் மில்னர்-வைட் முதல் உலகப் போர்முனையில் படைவீரர்களுக்கான பாதிரியாராக இருந்தவர். போர் முடிந்து ஆறே வாரம். கல்லூரிப் பிள்ளைகள் பலர் திரும்பவேயில்லை. மறைந்தவர்களை நினைக்கும் வரிகளை அவர் தொடக்க ஜெபத்திலேயே வைத்தார்.