பழைய ஓடுகளை உடைக்காதீர்கள், புதுத் தளத்துக்குள் வையுங்கள்

கேள்வி: தாத்தா காலத்துச் சீமை ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் 1,000 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். சுற்றுச்சூழலுக்கு அதிகக் கேடு இல்லாமல் கட்ட ஆசை. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட்டில் பலம் இருக்காது என்கிறார் மேஸ்திரி. சோலார் பேனலில் தொடங்கலாமா?
- வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: சோலாரை என்றைக்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கொட்டிய சிமெண்ட்டைத் திரும்ப அள்ள முடியாது. அங்கே தொடங்குங்கள்.

ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 400 மூட்டை என்பது மேஸ்திரிகளின் வாய்க்கணக்கு. ஓபிசி (OPC) எனும் சாதாரண சிமெண்ட் என்றால், மூட்டைக்கு ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு ஆலையிலேயே வெளியேறிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சூளையில் வேகும் சுண்ணாம்புக்கல்லே கக்குவது. பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் என்பதால் அந்த அளவுக்குக் கல்லைச் சுடுவது மிச்சம்.

மேஸ்திரி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சாம்பல் மெதுவாக வினைபுரிவதால் முதல் வாரத்தில் பலம் குறைவாகவே ஏறும், பிறகு ஈடுகட்டிவிடும். வறண்ட வெயிலில் இந்தக் கான்கிரீட்டை 14 நாளாவது ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நான்காம் நாளே ஈரச்சாக்கை உருவிவிட்டுப் பழியைச் சிமெண்ட் மேல் போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் குப்பை என்று நினைக்கும் அந்த ஓடுகள். கூரைத் தளம் பாரத்தில் வளையும்போது மேற்பகுதிக் கான்கிரீட் அமுங்கித் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடங்களில் இரண்டிரண்டு ஓடுகளாகச் சேர்த்து வைத்துக் கான்கிரீட் போடுவதுதான் ஃபில்லர் ஸ்லாப். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. தளக் கான்கிரீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஓடுகளுக்கிடையே சிக்கிய காற்று மேல்வெயிலையும் சற்றுத் தடுக்கும். ஓடுகளை முன்னதாகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட்டின் நீரை அவை குடித்துவிடும். கம்பி இடைவெளியையும், சுவரை ஒட்டி எவ்வளவு தூரம் ஓடு வைக்கக்கூடாது என்பதையும் கட்டமைப்புப் பொறியாளர்தான் வரைந்து தர வேண்டும். கண்மதிப்பில் செய்கிற வேலை அல்ல இது.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால், ஜேசிபி விடாமல் கையால் பிரியுங்கள். செங்கல் முழுசாக வரும், சுற்றுச்சுவருக்குப் போதும். உடைந்தது அஸ்திவாரத்துக்குள் போகட்டும். மேற்கொண்டு கல் வாங்குவதானால், சூளையில் சுடாத சாம்பல் செங்கல் வாங்குங்கள்.

இடிக்கும் தேதி குறிப்பதற்கு முன், ஓடுகளை இறக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பவற்றை எண்ணி அடுக்கிவிட்டு, அந்த எண்ணிக்கையோடு பொறியாளரிடம் போங்கள்.