டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது?

கேள்வி: எனக்கு 24 வயது. சோழிங்கநல்லூரில் வேலை, கைக்கு வருவது மாதம் 42,000 ரூபாய். மூன்று வருடமாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். போன மாதம்தான் கார் லைசென்ஸ் வாங்கினேன். என் சேமிப்பு 2 லட்சம், அப்பா தருவது ஒன்றரை லட்சம். அடுத்தவர் வண்டி வேண்டாம், லோன் போட்டு 6 லட்சத்தில் புதுசு எடு என்கிறார் அப்பா. அண்ணனின் நண்பர் டெல்லிப் பதிவில் 2017 மாடல் ஜெர்மன் டீசல் செடான் ஒன்றை நாலரை லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். லண்டனில் இருக்கும் சித்தி மகனோ, 25 வயதுக்குள் என்றால் இன்சூரன்ஸே வண்டி விலைக்கு வந்துவிடும் என்று பயமுறுத்துகிறான். எதைக் கேட்பது? வீட்டில் கார் ஷெட் கிடையாது, வாசலில்தான் நிறுத்த வேண்டும்.
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கடிதத்தில் மூன்று விலைகள் எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது கடைசி வரியிலும் அதற்குக் கீழே இருந்த ஊர்ப்பெயரிலும்தான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் லண்டன் தம்பியைச் சமாதானப்படுத்திவிடுவோம்.

அவர் சொல்வது அங்கே உண்மை. இங்கே பிரீமியம் முக்கியமாக வண்டியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது: எஞ்சின் எத்தனை சி.சி., வண்டியின் வயது, இன்றைய மதிப்பு, பதிவான ஊர். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்குள் வருடம் 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416. ஜி.எஸ்.டி. தனி. உங்கள் வயதுக்கு அதில் வேலையே இல்லை. சென்னை பெருநகரப் பட்டியலில் இருப்பதால் சொந்த சேதத்துக்கான பங்கு சின்ன ஊர்களைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்து அந்த ஜெர்மன் செடான். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அதிலிருந்து, எட்டு ஒன்பது வயதான டெல்லி டீசல்கள் விலை சரிந்து தெற்கே வர ஆரம்பித்தன. நாலரை லட்சத்துக்கு அந்த பேட்ஜ் கிடைப்பதன் ரகசியம் அநேகமாக அதுதான். டெல்லி ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுச் சாலை வரியையும் கட்ட வேண்டும். நண்பர் சொன்ன விலையில் இதெல்லாம் அநேகமாக அடங்கியிருக்காது. வண்டி பழசானாலும் உதிரிபாகத்தின் விலை குறையாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒருமுறை படுத்தால் பில் லட்சத்தில் வரலாம். யானையை வாங்கலாம் அம்மா, அங்குசமும் கரும்பும் யார் கணக்கில்? அண்ணனின் நண்பருக்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அப்பாவின் யோசனை அப்படித் தள்ளிவிடக் கூடியதில்லை. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதில் புது வண்டி நிஜமாகவே மலிவானது. ஆனால் ஷோரூம் விலை 6 லட்சம் என்றால் நம் மாநிலச் சாலை வரி 13 சதவீதம், அதாவது 78,000. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்தால் 7 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். கையில் இருக்கும் மூன்றரையும் போய், இன்னொரு மூன்றரை லட்சம் லோன். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 7,270. வட்டி மட்டும் 86,000 போகும். பெட்ரோல் வேறு இருக்கிறது. போக வர 30 கிலோமீட்டர், மாதம் 22 நாள், மேடவாக்கம் பக்கத்து மெட்ரோ பள்ளங்களுக்கு நடுவே லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் 4,400. சமாளித்துவிடுவீர்கள். ஆனால் சேமிப்பு சைபர்.

என் தயக்கம் அதோடு முடியவில்லை. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆனவர் நீங்கள். முதல் வருடத்தில் வண்டி எங்காவது உரசும். பக்கத்து வீட்டு கேட், பார்க்கிங் தூண், ஷேர் ஆட்டோ, ஏதோ ஒன்று. மாதாமாதம் தவணை கட்டும் புது வண்டியில் அந்த முதல் கீறல் விழுந்தால் நீங்கள் ஒரு வாரம் சாப்பிட மாட்டீர்கள், அப்பா ஒரு மாதம் சாவி தர மாட்டார். அப்புறம் எங்கே பழகுவது? அதோடு இன்சூரன்ஸ் கணக்கிலேயே புது வண்டியின் மதிப்பு ஒரு வருடம் முடிவதற்குள் 15 சதவீதமும் மூன்றாம் வருடத்தில் 30 சதவீதமும் இறங்கிவிடுகிறது. அந்தச் சரிவை வேறொருவர் ஏற்கெனவே தாங்கிய வண்டியாகப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மூன்றரையில் 50,000-ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் எல்லாம் அதிலிருந்துதான். மிச்சம் 3 லட்சத்தில் ஒரு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானது. தேதியை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார் ஆகியவை ஜூலையிலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய மலிவு மாடல்களில் இவற்றைக் கழற்றிவிட்டுத்தான் விலையைக் குறைத்தார்கள். முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் வேண்டுமென்றால் 2022 முதல் தயாரானதாகப் பாருங்கள், இல்லையென்றால் பழைய மாடலின் மேல் ரகம்.

எந்த வண்டி என்று நேராகவே கேட்பீர்கள். டியாகோ கிடைத்தால் அது. 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கிய வண்டி. அதற்கு முந்தைய வருடம் சான்ட்ரோவும் வேகன் ஆரும் 2 நட்சத்திரத்தோடு நின்றன. ஆனால் வேகன் ஆர் உயரமாக உட்கார வைக்கும், முன்னால் போகும் தண்ணி லாரியைத் தாண்டியும் கொஞ்சம் தெரியும், தெருமுனை மெக்கானிக்குக்குக்கூட அத்துப்படி. சான்ட்ரோ நம் இருங்காட்டுக்கோட்டைப் பிள்ளை, ஓட்ட இலகு. ஃபோர்டு ஃபிகோவை யாராவது காட்டுவார்கள். ஓட்டுவதற்கு அருமையான வண்டி, எனக்கே ஆசை உண்டு. ஆனால் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி 2021-லேயே அறிவித்துவிட்டது. முதல் வண்டியிலேயே உதிரிபாகத்துக்கு அலையும் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

சரி, இப்போது மடிப்பாக்கத்துக்கு வருவோம்.

2016 மே மாதம் நான் ஒரு வண்டி வாங்கினேன். வடபழனி பக்கம் ஒரு தரகர். "டாக்டர் வண்டி சார், அந்த அம்மா கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டினாங்க" என்றார். இந்த ஊரில் விற்பனைக்கு வரும் பாதி வண்டிகளை ஏதாவது ஒரு டாக்டரம்மாதான் ஓட்டியிருக்கிறார். உள்ளே மல்லிகை வாசனை தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டு மாதத்தில் கண்ணாடி இறங்க மறுத்தது, பிறகு ஏ.சி. விசிறி நின்றது, பிறகு மீட்டர் விளக்குகள் தாமாகவே எரிந்து அணைந்தன. சைதாப்பேட்டை மெக்கானிக் ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். முன்பாதி கன்னங்கரேல் என்று புதுசு போல இருந்தது. யாரும் இழுக்காத கடைசி ஒரு முழம் மட்டும் காவி நிறம், நடுவே கோடு போட்டாற்போல் தண்ணீர் நின்ற தடம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அடியில் வண்டல் காய்ந்து, கோடையில் ஏரி வெடிப்பது போல வெடித்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் ஆறு மாதத்துக்கு மேலாக அந்த டிக்கியில் குடியிருந்திருக்கிறது.

அதனால்தான் எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி எங்கே நின்றது என்பது. வாயால் வரும் பதில் எதுவாகவும் இருக்கட்டும், காகிதத்தைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணுக்கு எதிரே ஒவ்வொரு தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் கார்ப்பெட், வயரிங் என்று பெரிய பில் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அதே காகிதத்தில் அகப்படும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியைப் பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்மே வாங்காத சிங்கிள் ஓனர் வண்டி என்றால் அங்கே 50 சதவீதம் இருக்க வேண்டும். 20 என்று இருந்தால் எதற்குக் கிளெய்ம் வாங்கினீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை. அந்த போனஸ் ஆளுக்குரியது, வண்டியோடு உங்களுக்கு வராது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் வரும் புகையையும் சத்தத்தையும் உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். 28,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். ரப்பர் பொய் சொல்லாது. திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கத்து வண்டி என்றால் கதவுகளின் அடி விளிம்பில் துருவையும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைச் சம்பளம் கொடுத்து அழைத்துப் போங்கள், விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எது வரை, வண்டி மேல் லோன் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். அபராத பாக்கியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால், வங்கியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பலர் ஆர்.சி.யை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் புரொடெக்ட் என்று ஒரு சேர்க்கை உண்டு. பழைய வண்டிகளுக்கு எல்லாக் கம்பெனியும் தராது, தருகிற கம்பெனியாகத் தேடுங்கள். உங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர் நிற்பது எனக்கும் தெரியும். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி திருப்பி ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் அநேகமாகப் பைசா தேறாது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் விவரமானவர்கள் செய்வது அது. வண்டி வாங்கும் முன்பே, மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீடு ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. வண்டி வந்த முதல் இரண்டு மாதம் ஆபீசுக்கு ஸ்கூட்டரிலேயே போங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பல்லாவரம் ரேடியல் ரோட்டில் எல் போர்டோடு பழகுங்கள், பிறகு ஏழு மணிக்கு, பிறகு எட்டு மணிக்கு. மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, ஹாஃப் கிளட்சில் பின்னால் உருளாமல் எடுக்க வந்த பிறகு சோழிங்கநல்லூர் போகலாம்.

அடுத்த வாரம் வண்டி பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரத்தை அவர் பார்த்துக்கொள்வார். அவர் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள்.